கச்சேரி வேனில் கடற்கரைக்கு

இதை எழுதும்போதும் என் வலது கால் மேஜைக்கு அடியில் எதையோ மிதித்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து நாள் ஆகிவிட்டது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தால் ஓட்டுநர் பிரேக் போடுவதற்கு முன்பே நான் போட்டுவிடுகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள் குனிந்து பார்த்து, "சார், கீழ எலி கிலி ஏதாவது ஓடுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நடந்ததைச் சொல்ல அன்றைக்கு வாய் எழவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதால்தான் இப்போதாவது சொல்ல முடிகிறது.

என் மகளுக்குப் பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே அவள் கால்களில் பலம் இல்லை. சக்கர நாற்காலியில்தான் எல்லாம். பள்ளிக்கூடம் செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பதால் அது பிரச்சினையாக இருந்ததில்லை. அதற்கு மேல் எங்கே போவதென்றாலும் அவளை நாற்காலியிலிருந்து தூக்கி, கார் சீட்டில் வைத்து, நாற்காலியை மடித்து, டிக்கியில் திணிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அவள் ஏழு வயதுக் குழந்தையாக இருந்தபோது அது ஒரு விளையாட்டு. அவள் வளர்ந்தாள். என் முதுகுக்கும் வயதாயிற்று.

போன வருடம் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் அவளைத் தூக்கும்போது பாதியில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. கீழேயும் வைக்க முடியவில்லை, மேலேயும் ஏற்ற முடியவில்லை. வாசலில் நின்றிருந்த ஆட்டோக்காரர் ஓடிவந்து, "விடு சார், விடு சார், நான் பாத்துக்கிறேன்" என்று அவளை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டுப்பாவாடை கட்டிய பதினைந்து வயதுப் பெண்ணை, முன்பின் தெரியாத ஒருவர் கல்யாண வீட்டார் எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இனிமே நான் எங்கயும் வரலை."

கோபத்தில் சொன்னால் நான்கு நாளில் மாறிவிடும் என்று நினைத்தோம். அவள் கோபத்தில் சொல்லவில்லை. பதினோரு மாதம் பள்ளிக்கூடம், வீடு, பள்ளிக்கூடம். தீபாவளிக்குத் துணி எடுக்கக்கூட வரவில்லை. அம்மாவின் அளவுச் சட்டையோடு தன்னுடையதையும் கொடுத்தனுப்பினாள்.

வேனைக் கண்டுபிடித்தது என் மைத்துனர், மனைவியின் அண்ணன். திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் அவருக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"மச்சான், ஒரு வேன் கீது. ஆர்கெஸ்ட்ரா வேன். உனுக்குப் புடிக்காது. ஆனா வந்து பாரு."

பார்த்தேன். பிடிக்கவில்லை. மூக்கில்லாத மொட்டை முகமும் இரண்டு உருண்டை விளக்குகளுமாக நின்றது. அந்த மாதிரி வேன் இப்போது தயாரிப்பதே இல்லை. மேலே மஞ்சள், கீழே சிவப்பு. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்த இசைக்குழுவின் பெயர் அழிந்துபோய், 'இன்னிசை' என்கிற ஒரு வார்த்தை மட்டும் மிச்சமிருந்தது. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். குழுவைக் கலைத்துவிட்டார்.

"இந்த வண்டி போவாத திருவிழா இல்ல அண்ணாத்த," என்றார். "பாடறவனுக்குத் தொண்ட கட்டிக்கும். வண்டிக்கு ஒருநாளும் கட்டினதில்ல."

நான் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். எங்கே தடுக்கும், எங்கே வழுக்கும், எது தலையில் விழும் என்று பார்த்து எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணால் பார்த்தால் அந்த வேனில் துருவைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் பின்கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து, உள்ளேயிருந்து இரண்டு நீளப் பலகைகளை இழுத்துச் சாய்த்தார். வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் ரப்பர் விரிப்பு அடித்திருந்தது. ஷெட்டில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியைச் சக்கரத்தோடு உருட்டிவந்து, ஒற்றை ஆளாக, மூச்சு வாங்காமல் மேலே ஏற்றிக் காட்டினார். உள்ளே தரை மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக இருந்தது. நான் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டில் மகள் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தாள்.

"அந்தப் பொட்டி எவ்ளோ வெயிட்டாம்?"

"எண்பது கிலோ இருக்கும்னாரு."

"நானும் நாற்காலியும் சேந்தே அறுபதுதான்," என்றாள். பிறகு போனை என்னிடம் தராமல் நான்காவது முறையும் ஓட்டினாள்.

மறுநாள் அளவு நாடாவோடு போய் வேனின் உள் உயரத்தை நான்கு தடவை அளந்தேன். நாற்காலியில் அவள் உட்கார்ந்தால் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தது. வாங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அது மைத்துனரின் ஷெட்டில் கிடந்தது. நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்பேன். பார்க்க வேண்டியவை என்று முப்பத்திரண்டு அம்சங்கள் எழுதி வைத்திருந்தேன். முதல் அம்சம் பிரேக். கடைசி அம்சமும் பிரேக்.

"மச்சான், பிரேக்..."

"புதுசு. நாலு வீலையும் பிரிச்சிட்டேன். பைப்பு, சிலிண்டரு எல்லாம் மாத்திக்கீது."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"நீ முன்னாடி போய் நில்லு. நான் ஓட்டினு வர்றேன். புடிக்கலன்னா நீயே சொல்லு."

அவர் என்னை எப்போதும் 'நீ' என்றுதான் சொல்வார். நான் அவரை 'நீங்க' என்பேன். இருபது வருடமாக அப்படித்தான். படித்தவன் என்பதால் என்மேல் அவருக்கு ஒரு கேலி உண்டு. கை வேலை தெரிந்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. இரண்டையும் நாங்கள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

நாற்காலியை நிறுத்த வேனின் தரையில் நான்கு இரும்பு வளையங்களைப் போல்ட் போட்டு இறுக்கினார். லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட்டுகளை வெட்டி, நாற்காலியின் சட்டத்தில் நான்கு மூலையிலும் மாட்டும்படி தைத்தார். தோளுக்குக் குறுக்கே வர ஒரு தனி பெல்ட். எல்லாம் முடிந்ததும் தானே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டுகளை மாட்டிக்கொண்டு, என்னை ஓட்டச் சொன்னார். சாலை காலியாக இருந்த இடத்தில், "அடி இப்போ" என்று கத்தினார். மிதித்தேன். வேன் அப்படியே நின்றது. நாற்காலி அசையவில்லை. அவருடைய சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டு மட்டும் பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

"எழுதிக்கோ உன் நோட்டுல," என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. தகுதிச் சான்று வாங்கி வண்டி வந்தது. முதல் பயணம் மாமல்லபுரம் என்று முடிவு செய்தவள் மகள். எங்களிடம் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. "கடலுக்குப் போலாம்" என்றாள். அவ்வளவுதான். என் மனைவி அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு புளி ஊறவைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை வீட்டு வாசலில் பலகைகளைச் சாய்த்தேன். மகள் இரண்டு சக்கரங்களையும் தானே தள்ளிக்கொண்டு ஏறினாள். பின்னால் அம்மா கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் வந்தாள். எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் பிரஷ்ஷோடு நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது. பெல்ட்டுகளை நானே மாட்டி, நானே இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.

"அப்பா, போதும். நான் பார்சல் இல்ல."

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு பூஜை போட்டோம். அது என்னுடைய பிடிவாதம். என் மனைவிக்கு அதில் பெரிய அக்கறையில்லை. நான் தினமும் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்று வந்தபோது எந்தப் பக்கத்திலிருந்து பாதுகாப்பு வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினேன். மாலை போட்டு, சூடம் காட்டி, குருக்கள் தேங்காயை உடைத்தார். பூவும் குங்குமமும் வைத்து ஒரு மூடியை என் கையில் கொடுத்தார்.

"இப்பிடிக் குடுங்க, கூடையில போடுறேன். நாளைக்குச் சட்னிக்கு ஆகும்," என்றாள் மனைவி.

"இல்ல, வண்டியிலயே இருக்கட்டும்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டிராக்டர் வாங்கியவர்கள். புது டிராக்டருக்குப் பூஜை போட்டால், உடைத்த தேங்காயில் ஒரு மூடியை இன்ஜின் மேல் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டு வருவார்கள். வண்டி முதல் ஓட்டம் முடித்து வீடு சேர்கிறவரை அதை எடுக்கக் கூடாது. எடுத்தால் வண்டி ராசியாக இருக்காது என்பார்கள். என் அப்பா அப்படித்தான் கொண்டுவந்தார். நானும் அந்த மூடியைப் பயபக்தியோடு ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், கண்ணாடிக்கு அடியில் இருந்த பள்ளத்தில் வைத்தேன். என் வேலையிடத்தில் ஒரு கிரேன் ஓட்டுநர் அந்த மாதிரி ஒரு காலி டம்ளரை வைத்திருந்தால் அவருக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலை நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள். நாற்பதுக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் மகள் போனில் பாட்டுப் போட்டாள். வண்டி போடுகிற சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. பழைய வண்டிக்கு ஆயிரம் சத்தம். கதவு ஒரு தாளம், ஜன்னல் ஒரு தாளம்.

"கச்சேரி வண்டின்னு சும்மாவா சொன்னாங்க," என்று மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன்.

பூஞ்சேரி கூட்டு ரோட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம். ஒரு சின்னப் பாலம், அதன் முடிவில் ஒரு மேடு. வண்டி தூக்கிப் போட்டது. கூடை, தண்ணீர் கேன், தட்டு எல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கின. பாலத்துக்கு அந்தப் பக்கம், நூறு அடி தூரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ சாலையிலேயே நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு அம்மா ஒரு காலைக் கீழே வைத்து இன்னொரு காலை ஆட்டோவுக்குள் வைத்திருந்தார். அவருடைய பச்சைப் புடவையின் கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நிதானமாகத்தான் பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் கொஞ்சம் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. கல்லை மிதிப்பது மாதிரி நின்றது. இன்னும் அழுத்தினேன். சீட்டிலிருந்து எழுந்து நின்று அழுத்தினேன். வண்டி பேருக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

எதிரில் பஸ். வலது பக்கம் முடியாது. கியரைப் பிடுங்கி இரண்டில் போட்டேன். இன்ஜின் கதறியது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தது மாதிரி ஞாபகம். ஆனால் ஸ்டியரிங்கையும் ஒரு கை பிடித்திருக்கத்தான் வேண்டும். இடது பக்கம் சவுக்குக் கன்று நட உழுது போட்ட நிலம் தெரிந்தது. அதில் விட்டேன். முன் சக்கரங்கள் இரண்டும் மணலில் புதைந்து, வண்டி ஒருமுறை முன்னால் குனிந்து எழுந்து நின்றது. இன்ஜின் தானாக அணைந்துபோனது.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதை எழுதத்தான் வேண்டும். நான் பெற்ற பெண் பின்னால் இருக்கிறாள். நான் கண்ணாடி வழியாக மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "புளிசோறு என் மேல ஃபுல்லா."

மனைவி ஏற்கெனவே பின்னால் போயிருந்தாள். எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. நாற்காலி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நான்கு பெல்ட்டும் விறைத்து நின்றன. தோள் பெல்ட் இருந்த இடத்தில் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மகளின் தலைமுடியில் வேர்க்கடலை.

நான் கீழே இறங்கி முதலில் செய்த காரியம் மைத்துனருக்குப் போன் போட்டது.

"நீ பிரேக்கைப் பாத்தியா இல்லையா?" என்று கத்தினேன். "புதுசு புதுசுன்னியே, எங்க புடிச்சுது? என் பொண்ணு பின்னாடி உக்காந்திருந்தா. உன் தங்கச்சி பொண்ணு. கொல்லப் பாத்தியே!" இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவற்றை எழுத முடியாது.

அவர் கேட்டது வேறு.

"பாப்பாவுக்கு அடி பட்டுச்சா?"

"இல்ல."

"பேசுதா?"

"பேசுறா."

"வண்டியத் தொடாத. வந்துகினே கீறேன்."

வேனின் பின்சக்கரங்கள் சாலையோரக் கெட்டி மண்ணிலேயே நின்றிருந்தன. பலகைகளைச் சாய்த்தோம். மகள் தானே உருண்டு இறங்கி ஒரு வேப்பமர நிழலில் போய் நின்று, மடியிலிருந்த சோற்றைத் தட்டிவிட்டாள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய பச்சைப் புடவை அம்மா எங்களிடம் வந்து தண்ணீர் கொடுத்தார். "வண்டின்னா அப்பிடித்தான் சார், பேஜாரு புடிச்சது. புள்ள நல்லா கீது, அது போதும்," என்றார். யாரை நோக்கி அந்த வண்டி போனது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

மைத்துனர் பைக்கில் வந்து இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. நேரே மருமகளிடம் போய்த் தோளைப் பார்த்தார். "வலிக்குதா?" "இல்ல மாமா. உங்க பெல்ட் சூப்பர்." அதற்கு அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு அதே பலகைகளை முன் சக்கரங்களுக்கு அடியில் செருகி, வண்டியைப் பின்னால் எடுத்துச் சாலையில் ஏற்றினார். கீழே படுத்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். எண்ணெய் எங்கும் ஒழுகவில்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டிப்போய்த் திரும்பி வந்தார். எங்கள் எதிரே பிரேக் போட்டார். வண்டி ஆணியடித்த மாதிரி நின்றது.

"புடிக்குது மச்சான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய் சொல்றன்னு எவன் சொன்னான்? புடிக்குதுன்னு சொன்னேன்."

அவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பயம்தான் இருந்தது. காரணம் தெரிந்த கோளாறைச் சரி செய்யலாம். காரணமே இல்லாமல் ஒருமுறை பிடிக்காமல் போய், பிறகு தானே பிடிக்கிற பிரேக்கை என்ன செய்வது? அடுத்தமுறை பக்கத்தில் மணல் இருக்குமா?

"வேணாம்," என்றேன். "இதை வித்துடலாம். நாளைக்கே."

மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். மகள்தான் பேசினாள். குரலை உயர்த்தாமல், கல்யாணத்திலிருந்து வந்த அன்று பேசிய அதே குரலில்.

"வித்துடுங்க. இங்கருந்து வீட்டுக்கு மட்டும் என்னை யாரு தூக்குறதுன்னு சொல்லிடுங்க. ஆட்டோ புடிக்கப் போறீங்களா?"

மைத்துனர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்துச் சாலையோரத்துக்கு அழைத்துப்போனார். நோயாளியிடம் டாக்டர் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், நீ மிதிச்ச இல்ல? பெடலு எப்பிடி இருந்துச்சி? பஞ்சு மாதிரி உள்ள போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா?"

"கல்லு மாதிரி. கொஞ்சம் போச்சு, அப்புறம் கல்லு."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. உள்ள போவல?"

"போகலை. எழுந்து நின்னு மிதிச்சேன். போகலை."

அவர் முகம் மாறியது. "பிரேக்கு போயிருந்தா பெடலு உள்ள போவும். தரையத் தொடும். கல்லு மாதிரி நின்னுச்சின்னா அது பிரேக்கு இல்ல. அடியில இன்னாவோ இருந்துகீது."

போய்க் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கையை நீட்டித் துழாவினார். முதலில் ஒரு செருப்பு வந்தது, மனைவியுடையது. அடுத்து ஒரு வாழைப்பழம். மூன்றாவதாக அவர் கையில் வந்தது அந்தத் தேங்காய் மூடி.

முதுகில் நார் உரிந்து வழவழப்பாக ஒரு தழும்பு. பெடலின் இரும்பு பதிந்த தடம். உள்ளே பருப்பு ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது. பிரேக் பெடலுக்கு நேர் கீழே, தரையில், வட்டமாக வெள்ளைப் பாலும் குங்குமமும் தீற்றியிருந்தன. பாலத்து மேட்டில் பள்ளத்திலிருந்து துள்ளிக் கவிழ்ந்து பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மணலில் வண்டி குலுங்கியபோது சீட்டுக்கு அடியில் உருண்டுவிட்டது. அவர் அதை மறுபடி பெடலுக்கு அடியில் கவிழ்த்து வைத்து, என் கையைப் பிடித்துப் பெடலை அழுத்தச் சொன்னார். கொஞ்சம் போயிற்று. அப்புறம் கல்.

பிறகு அவர் அந்த மூடியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்:

"கம்பெனில நீ இன்னா வேலை பாக்கறன்னு சொன்ன?"

"பாதுகாப்பு..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அடக்க முடியாமல், நாற்காலியே ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "சட்னிக்கு ஆகும்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்று என் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள். அந்த அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. அப்படியே சாலையோர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழுதேனா என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

"மச்சான்," என்றேன், மூச்சு வந்த பிறகு. "போன்ல நான் பேசினது..."

"கேட்டுச்சி. ரெண்டு வார்த்த எனக்கே புதுசு." அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்தார். "வர வழியெல்லாம் எந்த நட்ட விட்டேன், எந்த நட்ட விட்டேன்னு நெனச்சினே வந்தேன் மச்சான். ஒரு நட்டும் வுடல. அது போதும் எனக்கு."

இருபது வருடத்தில் அவரிடம் முதல் முறையாக ஒருமையில் பேசியிருக்கிறேன். அது இப்படி, இந்தக் காரணத்துக்காக ஆகியிருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு, டீ வாங்கிக் குடு," என்றார். தேங்காய் மூடியை மைல் கல்லில் அடித்துச் சில்லு சில்லாக உடைத்து ஆளுக்கொன்று கொடுத்தார். கொஞ்சம் மணல் நறநறத்தது. நானும் தின்றேன்.

மாமல்லபுரத்துக்கு யார் ஓட்டுவது என்று வந்தபோது நான் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இன்னிக்கு வுட்டா நீ எப்பவுமே ஓட்ட மாட்ட. நான் பின்னாடியே பைக்ல வர்றேன்," என்றார். குனிந்து தரையைப் பார்த்தேன். கையால் தடவினேன். டேஷ்போர்டில் இருந்த மாலையைக்கூட எடுத்துக் கூடையில் போட்டேன். முப்பதில் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் காரணமே இல்லாமல் ஏழெட்டு தடவை பிரேக் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றது. ஒவ்வொரு தடவையும் பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மீனவர் குப்பத்தின் பக்கம் சிமெண்ட் ரோடு கடல் மணல் வரை போகிறது. அங்கே வண்டியைத் திருப்பி, பின்கதவு கடலைப் பார்க்கும்படி நிறுத்தினேன். கதவுகளைத் திறந்ததும் காற்று உள்ளே அடித்தது. பெல்ட்டுகளைக் கழற்றினேன். பலகைகளைச் சாய்த்தேன். தள்ளி நின்றுகொண்டேன். மனைவியும் நின்றுகொண்டாள். மகள் சக்கரங்களைக் கைகளால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, தானே இறங்கி, ரோடு முடிகிற இடம் வரை போய் நின்றாள். படகுகளுக்கு நடுவே அலை தெரிந்தது.

அங்கே மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அக்கா வேனின் பக்கவாட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, இங்க கச்சேரியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. எங்க அப்பாதான் பாடப் போறாரு. இன்னிக்கு காலைலயே ஒருக்கா போன்ல பாடிட்டாரு," என்றாள் மகள். மைத்துனர் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். யாரும் அவளைத் தூக்கவில்லை. தூக்கட்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு சக்கர நாற்காலி வேனிலிருந்து இறங்கியதை அந்தக் குப்பத்தில் யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேனை விற்கவில்லை. என் நோட்டில் முப்பத்து மூன்றாவது அம்சமாக ஒன்று சேர்த்திருக்கிறேன். அதை நான் எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. போன ஞாயிறு மறுபடி கிளம்பினோம். சாவியைத் திருகப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கீழ?"

குனிந்து, கையால் தடவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எடுங்க."